இருநூற்றுப் பன்னிரண்டு கைகள்

மார்ச் 11, செவ்வாய், காலை 6.40

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. "ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது" என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். செத்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கேட்டதை எழுதாமல் பயந்ததை எழுதிவிட்டேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் நாள் சொன்ன பாடமே இதுதான்: பக்கத்தை இரண்டாகப் பிரி, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். முதலிலிருந்து எழுதுகிறேன்.

திங்கள் மாலை 6.10. அக்கா கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்தது. நான்கு நிமிடம் காத்திருந்தாளாம். நான் அப்போது சமையலறையில் இருந்தேன், அதனால் இது அவள் சொன்ன கணக்கு. பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று. மேசைக்கு அடியில் இருக்கும் சிபியூ பெட்டிக்குள் டிக், டிக், டிக். பிறகு ஏதோ வழுக்குவது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் டிக்.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன். அக்கா காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. சைகை மொழிக்கு ஒரு முதல் புத்தகம் செய்கிறாள். பக்கத்துக்கு ஒரு சொல், அந்தச் சொல்லைச் சொல்லும் கை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கைகள். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் வரைந்து போன வாரம்தான் முடித்தாள். நேற்று செய்தது கடைசித் திருத்தம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அந்த நேரம் தவறினால் இயந்திரத்தில் வேறு வேலை ஏறிவிடும், அடுத்த இடம் நான்கு மாதம் கழித்துத்தான். புதிதாகச் சேரும் பதினெட்டுப் பிள்ளைகள் முதல் பருவம் முழுக்கப் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

வேறு நகல் இல்லை. ஏன் இல்லை என்பதும் இடப்பக்கத்தில் வர வேண்டிய விஷயம். மூன்று வாரம் முன்பு அக்கா, "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, ஞாயித்துக்கிழமை இதுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிடு" என்றாள். சரி என்றேன். அந்த ஞாயிறு வகுப்பில் சொன்ன வேறொரு பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். பொழுது போய்விட்டது.

நேற்று செய்த சோதனைகள்: மின்சார வயரை மாற்றிப் பார்த்தேன். வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன். கீபோர்டையும் மவுஸையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் டிக்.

இதற்குள் அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் எது நின்றாலும் அவளுக்கு அது இன்ஜின்தான். நேராகப் போய் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து வந்து, முனையைச் சிபியூ பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"போடு."

போட்டேன்.

"கிளம்புது. நல்லாத்தான் வேகம் எடுக்குது. எடுக்கும்போதே மூச்சு வாங்கிப் படுத்துடுது. டீசல் வராத வண்டி இப்படித்தான் பண்ணும்."

"அம்மா, இது பஸ் இல்ல."

"பஸ் இல்லன்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸா இருந்தா இந்நேரம் நானே சரி பண்ணியிருப்பேன்."

"டீசல் ஊத்துற இடம் எங்க இருக்குன்னு காட்டு, ஊத்திடறேன்."

அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவில் இருந்த பென்சில்களை எல்லாம் வெளியே கொட்டி உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கத்தினால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். அடுக்க ஆரம்பித்தாள் என்றால் வீட்டில் யாரும் நிமிர்ந்து மூச்சுவிட முடியாது.

அம்மா சொன்னதை வலப்பக்கத்தில் எழுதினேன். மொத்தம் பதினொரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.

அதே நாள், இரவு 8.30

வகுப்பில் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்பவருக்குப் பட்டப்பெயர் மின்னல். ஒரு திருகைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், அதனால் வந்த பெயர். பகலில் லிஃப்ட் மெக்கானிக். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க?"

நோட்டைத் திறந்து காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே. "பதினொண்ணு. நேரத்தோட எழுதியிருக்கேன்."

"எழுதினது ரொம்ப நல்லது. போட்டதுதான் தப்பு."

எனக்கு முகம் சுட்டது.

"நிஜமாவே டிஸ்க் போயிருந்தா ஒவ்வொரு தடவை போடும்போதும் உள்ள இருக்கறதக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிக்கிட்டே இருக்கும். இனிமே காரணம் இல்லாம போடாதீங்க."

"அப்போ டிஸ்க்தானே போயிருக்கு?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? லிஃப்ட் நின்னா எல்லாரும் மோட்டார் போச்சுன்னுதான் போன் பண்ணுவாங்க. நாங்க முதல்ல பாக்குறது கதவு. பாதி நாள் கதவு சரியா மூடியிருக்காது."

"மீதி நாள்?"

"யாராவது பொறுப்பா கதவைச் சுத்தம் பண்றேன்னு எதையாவது நகர்த்தியிருப்பாங்க."

நோட்டை வாங்கிப் படித்தார். அவர் படிக்கும் வேகத்தில் வகுப்பே முடிந்துவிடும் போலிருந்தது. பிறகு வலப்பக்கத்தில் விரலை வைத்தார். "'வேகம் எடுத்துட்டு அப்புறம் படுத்துடுது.' இதை ஏன் இந்தப் பக்கம் எழுதினீங்க?"

"அது எங்கம்மா சொன்னது. அவங்க பஸ் ஓட்டுறாங்க."

"அவங்க காதுல கேட்டாங்களா, மனசுல நினைச்சாங்களா?"

"காதுலதான்."

"அப்போ அது அந்தப் பக்கம் வரணும்."

என் பேனாவை வாங்கி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார்.

பேருந்தில் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேகம் எடுக்கிறது என்றால் மோட்டார் சுற்றுகிறது. சுற்றும் மோட்டார் பாதியில் படுக்கிறது என்றால், ஒன்று அது கெட்டிருக்க வேண்டும், அல்லது அதற்குப் போதுமான மின்சாரம் போகவில்லை. இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை. சொன்னது அம்மா என்பதால். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்தேன், பாதி தூரம் ஓடியே வந்தேன்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கத்து விஷயம் இது.

மார்ச் 12, புதன், மாலை 6.15

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும். வரிசையாக எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும், படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையில் புதன் அரை நாள். கண்ணாடி வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு இரண்டே கால் மணிக்கு வீடு வந்தேன். அம்மா காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சிபியூ பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கேபிள்கள் அவ்வளவு அழகாக இருந்தன. எல்லாம் ஒரே கட்டாக, பெட்டியின் ஓரத்தோடு ஒட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டு, பட்டைகளின் மிச்ச நுனிகள் ஒரே அளவில் வெட்டப்பட்டு. கட்டியது நான்தான். நகல் எடுக்கச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த பயிற்சி இதுதான். வகுப்பில் காட்டுவதற்குப் போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன்.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பிளக் தட்டையாக இருக்கும். அதன் ஒரு முனை சரியாக உள்ளே இருந்தது. மறுமுனை ஒரு நகத்தின் பருமன் அளவுக்கு வெளியே வந்திருந்தது. கட்டு அதை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. மூன்று வாரமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் நான் முதலில் வேறொரு கேபிளை, தகவல் போகும் சிவப்புக் கேபிளைத்தான் மாற்றினேன். காலையில் எழுதிய திட்டத்தில் முதல் படி அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. காரணம் அந்தக் கட்டாக இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். பன்னிரண்டாவது தடவையாகப் போட்டேன். டிக், டிக்.

"அதே சத்தம்தான்" என்றாள் அம்மா. ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "அங்க எதையோ பாத்துட்டு முழிச்சியே, அது என்ன?"

காட்டினேன்.

"இதை இப்படி இழுத்துக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"ரொம்ப அழகா கட்டியிருக்கே" என்றாள். பாராட்டா திட்டா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, பட்டையை வெட்டினேன். கேபிள் தளர்ந்து கீழே தொங்கியது. பிளக்கைக் கழற்றி நேராகப் பிடித்து, இரண்டு முனையும் சமமாகப் பதியும் வரை அழுத்தினேன். வகுப்பில் கொடுத்த பென் டிரைவை முன்னால் செருகினேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டர் தொடங்கும். அம்மா ஸ்க்ரூ டிரைவரை டிஸ்க்கின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

பதிமூன்றாவது தடவை. நேரம் 2.58.

"கிளம்புது" என்றாள் அம்மா. "வேகம் எடுக்குது." நான் டிக் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "எடுக்குது... எடுத்துடுச்சு. ஒரே சீரா ஓடுதுடி. என் பஸ்ஸைவிட நல்லா ஓடுது."

திரை வந்தது. டிஸ்க் வந்தது. அக்காவின் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே வரிசையாகச் சொற்கள்: அணில், அப்பா, அம்மா, ஆடு. கீழே எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. நான் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் காதில் ஸ்க்ரூ டிரைவர் இடித்துவிட்டது. "என்னைக் கொன்னுடாதே, நாளைக்கு வண்டி எடுக்கணும்" என்றாள்.

தெரிகிறது என்பதும் கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. 3.05-க்குக் காலியான இன்னொரு பென் டிரைவில் நகல் எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு படமும் பெரியது, அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. இலை, ஈ, உப்பு, எலி. ஏணியில் நின்றது. பச்சைக் கோடு நகரவில்லை. டிஸ்க்கில் ஏதோ உரசுவது போல ஒரு முனகல். மூன்று நிமிடம் கழித்து, படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. விட்டுவிட்டுப் போகச் சொல்லி அழுத்தினேன். ஐந்து ஏறியது, ஒட்டகம் ஏறியது. அப்போதுதான் மூச்சே விட்டேன்.

4.20-க்கு அக்கா வந்தாள். திரையைப் பார்த்தாள். தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தனை?"

"நூத்தி மூணு வந்துடுச்சு. ஏணி மட்டும் நிக்குது."

பையோடு அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவி என்று திரையில் வந்தது. அவள் வலது கை மடியிலேயே ஒரு பூட்டைத் திறந்தது. சிலந்தி வந்தது. ஐந்து விரலும் இடது கையின் மேல் ஊர்ந்து ஏறின. தன் கை இதையெல்லாம் செய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். வாசல்படியில் சாய்ந்து நின்ற அம்மாவும் அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தாள்.

"இது என்ன, கோழி கிளறுதா?"

"சீப்பும்மா."

"இப்படித் தலை வாரினா முடி மிஞ்சாது."

அக்கா லேசாகச் சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவள் சிரித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லாமல் இருந்தால் எல்லோரும் டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள். டிஸ்க் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ஆனால் இடப்பக்கத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

"அக்கா, டிஸ்க் தானா நிக்கல. அதோட பிளக்கை நான் கட்டின கட்டு இழுத்துடுச்சு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்போ கட்டின?"

"நீ காப்பி எடுக்கச் சொன்னியே, அந்த ஞாயித்துக்கிழமை."

திரையில் தண்ணீர் வந்தது, போனது. அவள் கை அசையவில்லை. அம்மா வாசல்படியிலிருந்து மெல்ல உள்ளே நகர்ந்துவிட்டாள்.

"எத்தனை பட்டை போட்ட?"

"பதினாலு."

"பதினாலு." திரும்பி என்னைப் பார்த்தாள். "யாருமே திறந்து பாக்காத பெட்டிக்கு உள்ள, பதினாலு."

"நுனியெல்லாம் ஒரே அளவா வெட்டினேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் ஒரு நிமிடம் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு என்று புரிந்தது. கையை எடுத்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது. "இதை நான் உடனே எல்லாம் மன்னிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அப்புறம் யோசிக்கிறேன். இப்போ திரையைப் பாரு."

தேனீயில் மறுபடி நின்றது. அக்காவின் கை கன்னத்துக்குப் பக்கத்தில் தேனீயாக உயர்ந்து அப்படியே காற்றில் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. அவள் இறக்கவில்லை. ஆறாவது நிமிடம், படிக்க முடியவில்லை என்று வந்தது. கை மெதுவாக மடிக்கு வந்தது.

நாற்காலி, பூனை, மழை எல்லாம் ஏறின. பல், முழங்கால், வண்டி மூன்றும் நின்றன. கடைசியாக வௌவால் ஏறியபோது மணி 5.31. ஐந்து பாக்கி. அந்த ஐந்தையும் மட்டும் மறுபடி கேட்டோம். பல் வந்தது, வண்டி வந்தது. மூன்றாம் தடவை கேட்டதற்கு எதுவும் வரவில்லை, முனகல்தான் அதிகமானது.

"நிறுத்து" என்றாள் அக்கா. "இருநூத்தி ஒம்பது இருக்கு. மூணுதானே, நான் வரைஞ்சுடறேன்."

பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துப் படபடவென்று ஆட்டினாள். அவள் பள்ளியில் கைதட்டுவது அப்படித்தான். நானும் தூக்கி ஆட்டினேன். அம்மா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து ஆட்டினாள். மூன்று பேரும் சத்தமே இல்லாமல் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13, வியாழன், மாலை 7.50

கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். வகுப்புக்கும் போகவில்லை. காலையில் புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். கேபிள்களை எதனாலும் கட்டவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது, உள்ள குப்பை மாதிரி கிடக்கு" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

அந்த இருநூற்றொன்பதும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: புது டிஸ்க்கில், பென் டிரைவில், அக்கா பள்ளியின் கம்ப்யூட்டரில். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து டிக் அடித்தேன். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன். மூன்று படங்கள் போனதற்குக் காரணம் மின்சாரம் விட்டு விட்டுப் போனதா, நான் பதினொரு தடவை போட்டதா, டிஸ்க்கின் வயசா என்று எனக்குத் தெரியாது. மூன்றையும் வலப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்கா நான்கு மணிக்கு வந்ததும் வரைய உட்கார்ந்தாள். மாதிரிக்கு என் கை. ஏணிக்கு நாற்பது நிமிடம் கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

"இவ்வளவு விறைப்பா பிடிச்சா பிள்ளைங்க இந்த ஏணியில ஏறவே பயப்படுவாங்க. தளர்த்து."

"தளர்த்தினா கீழ இறங்குது."

"கொஞ்சமா தளர்த்து. எதையுமே கொஞ்சமா செய்ய உனக்கு வராதா?"

வரைந்ததைப் பார்த்தேன். கடையில் கண்ணாடி கிழித்த தழும்பு என் கட்டைவிரலில் இருக்கிறது. படத்தில் அது இல்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். "போட்டா, பிள்ளைங்க அந்தக் கோடும் ஏணியில சேர்த்தின்னு நினைச்சு, பேனாவால ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க" என்றாள். எவ்வளவு யோசித்து வரைகிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இப்படி யோசித்திருக்கிறாள்.

முழங்கால் ஏழரைக்கு முடிந்தது. தேனீ பாக்கி. அவள் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, இன்று வேண்டாம் என்று கம்ப்யூட்டரில் வரையும் பேனாவை அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். காலையில் ஒன்றரை மணி நேரம் போதும் என்று அக்கா சொல்கிறாள். போதுமா என்று எனக்குச் சந்தேகம்.

நாளை, வெள்ளி: 5.45-க்கு எழ வேண்டும். ஆறிலிருந்து ஏழரை வரை தேனீ, கன்னத்துக்குப் பக்கத்தில் வலது கை, தளர்வாக. எட்டு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ண வேண்டும். 9.15 பேருந்தில் அக்காவோடு அச்சகம்.